எங்கள் வாசகசாலைக்கு ஓர் இணையதளம்

2021ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் ஊர் வாசகசாலையின் நிர்வாகக் குழுவிலிருந்து எங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. வாசகசாலைக்கு இணையதளம் ஒன்று வேண்டும். செலவு அதிகம் ஆகக்கூடாது. செய்து தர இயலுமா என்று கேட்டார்கள். ஞாயிறு மாலைகளில் அந்தக் கட்டிடத்தின் மாடியில் கூடி, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசிக் கலைகிற ஐந்து பேர் நாங்கள். மாடிக்கு இத்தனை ஆண்டுகளாக வாடகை வாங்காதவர்களிடம் மறுப்பு எப்படிச் சொல்வது? எங்களில் இருவர் கணினித் துறையில் இருப்பவர்கள். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்ற இருவருக்கும் கருத்துச் சொல்லத் தெரியும். ஓர் இணையதளம் கட்ட இவ்வளவு போதும் என்றுதான் அன்று நினைத்தோம்.

வாசகசாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அது அரசு நூலகம் அல்ல. ஊர் வணிகர்கள் சிலர் சேர்ந்து தொடங்கி, அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் நடத்தி வருவது. ஏறத்தாழ 7,000 நூல்கள். கூடத்தில் எட்டு இரும்பு அலமாரிகள். மாடிப்படியின் அடியில் ஒரு மர பீரோ. அதில், வார இதழ்களில் தொடர்கதைகள் வந்த காலத்தில் வீடுகளில் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, பின்னாளில் வீட்டை விற்றபோதோ பெரியவர்கள் காலமானபோதோ வாசகசாலைக்கு வந்து சேர்ந்த தொகுதிகள். இவை அனைத்துக்கும் ஒரே நூலகர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'சார்'. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே நாற்காலியில் இருக்கிறார். அட்டவணை என்று தனியாக எதுவும் கிடையாது. சேர்க்கைப் பதிவேடுகள் நான்கு இருந்தன. பிறகு, சார் இருந்தார்.

முதல் வடிவத்தை இரண்டு மாதங்களில் முடித்தோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. முகப்பில் கட்டிடத்தின் பெரிய புகைப்படம், நிறுவனரின் படம், தலைவரின் வாழ்த்துச் செய்தி, ஆண்டுவிழாக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் பட்டை, எல்லாவற்றுக்கும் கீழே வந்து சென்றவர்களின் எண்ணிக்கை. தேடுபெட்டி வலப்பக்க மூலையில் தபால்தலை அளவில் இருந்தது. வாசகசாலை திறந்திருக்கும் நேரம் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தின் நான்காவது பத்தியில் இருந்தது. குழுவினருக்கு மிகவும் பிடித்துவிட்டது. தலைவர் தம் வாழ்த்துச் செய்தியை இருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். சாரிடம் கைப்பேசியைக் கொடுத்தோம். கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, விரலால் மேலும் கீழும் தள்ளி, வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நல்லா இருக்கு தம்பி. புஸ்தகமெல்லாம் எங்க இருக்கு?" என்றார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. இதற்குப் பின் நாங்கள் பல நூலகங்களின் தளங்களைத் திறந்து பார்த்தோம். பெரும்பாலானவை நாங்கள் செய்ததைப் போலவே இருந்தன. திறப்பு விழாக்களின் பூமாலைகளைத் தாண்டித்தான் நூல்களை அடைய வேண்டியிருந்தது. சில தளங்களில் அறிவிப்புகள் எல்லாம் தட்டச்சுத் தாளைப் படமெடுத்து ஒட்டியவையாக இருந்தன. அவற்றுக்குள் இருக்கும் சொற்களைத் தேடுபொறிகளால் எளிதில் எடுக்க முடியாது. திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்றவருக்கு அது வெறும் வெற்றிடம்.

எங்களில் தமிழ் கற்பிக்கும் தோழி எஸ். ஆர். ரங்கநாதனின் நூலை எடுத்துவந்தார். 1892இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளைக் கேள்விப்படாத நூலகர் இருக்க மாட்டார். நூல்கள் பயன்படுவதற்கானவை என்பது முதல் விதி. கேட்க எளிய வாக்கியம். அதை விளக்கப் புகும்போது அவர் தத்துவம் பேசவில்லை. நூலகம் ஊரில் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலி மேசைகள் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போகிறார். நாங்கள் நான்காவது பத்தியில் புதைத்து வைத்திருந்த திறப்பு நேரம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கே அதை முகப்பின் முதல் வரிக்கு ஏற்றினோம். 'இப்போது திறந்திருக்கிறது' அல்லது 'மாலை 4 மணிக்குத் திறக்கும்' என்று அந்த வரி தானாக மாறும். இன்றுவரை எங்கள் தளத்தில் அதிகம் பார்க்கப்படுவது அந்த ஒரு வரிதான் என்பது எங்கள் சந்தேகம்.

அதற்கடுத்து ஒரு காரியம் செய்தோம். நாங்கள் செய்தவற்றுள் பயனுள்ளது அது ஒன்றே என்றுகூடச் சொல்லலாம். இரண்டு சனிக்கிழமைகள் சாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை அப்படியே எழுதிக்கொண்டோம்.

நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் சரியாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். ஒரு பெரியவர் வந்தார். "சோழர் காலத்துக் கதை. கல்கி இல்ல, இன்னொருத்தர்." சார் நிமிரவில்லை. "கப்பல் வருதா?" "வரும், கப்பல்லயே சண்டை வரும்." சார் எழுந்து போய்ச் சாண்டில்யனின் 'கடல் புறா' முதல் பாகத்தோடு வந்தார். கப்பல் வராது என்று சொல்லியிருந்தால் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' எடுத்திருப்பாராம். பாடத்திட்டத்தின் துணைநூல் பட்டியலோடு வந்த ஒரு மாணவி விருத்தாசலத்தின் கதைகளைக் கேட்டாள், புதுமைப்பித்தனோடு திரும்பினாள். நான்காம் வகுப்புப் பையனுக்கு ஏதாவது வேண்டும் என்று வந்த ஓர் அம்மாவிடம், பையன் எதற்கு அழுவான், எதற்குச் சிரிப்பான் என்று சார் கேட்டார். ஒருவர் பச்சை அட்டை என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கும் புத்தகம் கிடைத்தது.

நாங்கள் எழுதிய குறிப்பேட்டைத் தளத்தின் தேடுபெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை மிகவும் அமைதியாகக் கழிந்தது. வாசகர்கள் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் இட்டோம். 'எதுவும் கிடைக்கவில்லை.' 'எதுவும் கிடைக்கவில்லை.' சரியான பெயரை இட்டபோதுகூடப் பல சமயங்களில் அதே விடைதான்.

சரியான பெயர் என்பதே தமிழில் சிக்கலான விஷயம். தி. ஜானகிராமனின் நாவலைச் சிலர் 'மோகமுள்' என்று சேர்த்து எழுதுவார்கள், சிலர் 'மோக முள்' என்று பிரித்து. எங்கள் தளத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு நூல்கள். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் இடம் விட்டும் விடாமலும் எத்தனை விதமாகத் தட்டப்படக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். 'சிறுகதைத் தொகுப்பு' என்று தேடுகிறவருக்கு, ஒற்று விடுபட்ட 'சிறுகதை தொகுப்பு' வராது. ஒற்று மிகும் இடங்களைப் பற்றி எங்கள் தோழி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துபவர். "இலக்கணம் தெரியாதவனுக்குப் புத்தகம் கிடையாது என்று சொல்ல நாம் யார்?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

அதைவிட மோசமானவை கண்ணுக்குத் தெரியாத பிழைகள். எங்கள் நூல்களில் ஒரு பகுதியின் பட்டியலை 1990களின் இறுதியில் யாரோ ஒரு டி.டி.பி. நிலையத்தில் அடித்து வைத்திருந்தார்கள். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டால் வேலை மிச்சம் என்று மகிழ்ந்தோம். மாறியும் வந்தது. ஆனால் ஔவையார் அகப்படவில்லை. 'ஔ' என்ற ஓர் எழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்திருந்தார்கள்: 'ஒளவையார்'. அச்சில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். 'கௌரி'யும் அப்படியே 'கெளரி' ஆகியிருந்தாள். இன்னொரு வகை இன்னும் நுட்பமானது. பழைய தட்டச்சு வழக்கில் துணைக்காலும் கால் இழுக்காத ரகரமும் ஒரே உருவம். ஆகவே 'ஆசிரியர்' என்ற சொல்லில் ரகரம் இருக்கவேண்டிய இடத்தில் துணைக்கால் உட்கார்ந்து 'ஆசிாியர்' என்று இருந்தது. சிறிய திரையில் எவர் கண்ணுக்கும் பிடிபடாது. 'ஸ்ரீ' எழுத்துக்கு ஒருங்குறியிலேயே இரண்டு வழிகள் உண்டு. 2005இல் தாலவிய சகரம் தனியெழுத்தாகச் சேர்க்கப்பட்ட பிறகு வந்த இரட்டைப் பிறப்பு அது.

வரிசையும் தவறாக இருந்தது. 'மறதி' என்று தொடங்கும் தலைப்பு 'மலர்' என்று தொடங்குவதற்கு முன்னால் வந்து நின்றது. ஒருங்குறி அட்டவணையில் ரகரத்துக்கு அடுத்து றகரத்தை வைத்திருக்கிறார்கள். னகரம் நகரத்துக்குப் பின்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் கடைசியில் அல்லவா வரும்? அகராதியில் 'அகம்' என்பதற்கு முன்பே வந்துவிடும் 'அக்கா', தளத்தில் அதற்குப் பின்னால் போயிருந்தாள். தமிழ் அகரவரிசைக்கென்று விதித்தொகுதி தனியாக உண்டு; அதைத் தரவுத்தளத்தில் தேர்ந்தெடுத்தால் போதும். யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. நாங்களும் தேர்ந்தெடுக்கவில்லை.

பெயர்களின் கதை இதற்குமேல். நூலகவியலின் தந்தையையே எடுத்துக்கொள்வோம். ரங்கநாதன், இரங்கநாதன், அரங்கநாதன். எங்கள் பதிவேட்டில் அவர் அகரத்தில் இருந்தார். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்தில் ஊரும் தந்தையும் இருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையரை உகரத்தில் தேடுவதா சகரத்தில் தேடுவதா? வெளிநாட்டு நூலகங்களின் பட்டியல்களில் நம் எழுத்தாளர்களைத் தேடியவர்களுக்கு இன்னொரு வகை அனுபவம் இருக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த ரோமன் எழுத்துமுறையில் தமிழ்ச் சகரத்துக்கு உரியது ஆங்கிலத்தின் 'சி'. எனவே சுந்தர ராமசாமியை 'எஸ்' வரிசையில் தேடுகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். அம்பையைத் தேடுகிறவருக்கு சி. எஸ். லக்ஷ்மியும், சுஜாதாவைத் தேடுகிறவருக்கு ரங்கராஜனும் கிடைக்க வேண்டுமானால், யாரோ ஒருவர் உட்கார்ந்து இருவரும் ஒருவரே என்று எழுதி வைக்க வேண்டும்.

இதற்கான வழியை நூலகவியலார் எப்போதோ கண்டுவைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1960களில் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் தலைமையில் உருவான மார்க் என்ற பதிவு முறையில் மாற்றுத் தலைப்புக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. ஓர் ஆசிரியரின் எல்லாப் பெயர்களையும் ஒரே முடிச்சில் கட்டவும் முறை இருக்கிறது. நாங்கள் சொந்தமாக எழுதிய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருளுக்கு மாறினோம். நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது அது; மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. தலைவரின் வாழ்த்துச் செய்தியை ஒரு தனிப்பக்கத்துக்கு அனுப்பினோம். கொஞ்சம் மனத்தாங்கல் வந்தது. நகரும் பட்டையை எடுத்தோம். தேடுபெட்டி முகப்பின் நடுவுக்கு வந்தது. படங்களின் எடை குறைந்ததால் பேருந்து நிலையத்தின் மெலிந்த இணைப்பிலும் பக்கம் திறந்தது. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. கைப்பேசியைத் தவிர வேறு கணினி பார்த்திராத வாசகரிடம் போகும் தளம் அந்த வண்டியைப் போல இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

இன்னொரு தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதல் வடிவத்தில், நூல் வெளியே போயிருந்தால் யாரிடம் போயிருக்கிறது என்ற பெயரையும் காட்டினோம். பேரேட்டில் அந்தப் பத்தி இருந்தது. அதை அப்படியே ஏற்றிவிட்டோம். பேரேடு சாரின் மேசை இழுப்பறைக்குள் இருப்பது, தளம் ஊரறியத் தெருவில் கிடப்பது என்ற வேறுபாடு எங்களுக்கு உறைக்கவில்லை. ஒரு பெண்மணி சாரிடம் வந்து, தணிந்த குரலில், தான் எடுத்த நூலைப் பற்றித் தன் வீட்டில் கேள்வி எழுந்ததாகச் சொன்னார். என்ன நூல் என்று சார் எங்களிடம் சொல்லவில்லை. அன்றிரவே அந்தப் பத்தியை நீக்கினோம். அந்த அம்மாள் அதற்குப் பின் வாசகசாலைக்கு வரவில்லை.

இனி மர பீரோவைப் பற்றி.

பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற இரண்டு மாணவர்களை அமர்த்தியிருந்தோம். அவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தை நாங்களே வடிவமைத்தோம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அவற்றுள் ஒன்று காலியாக இருந்தாலும் பதிவு ஏறாது. அரைகுறைப் பதிவுகள் சேராமல் தடுக்கும் நல்ல ஏற்பாடு என்று எங்களுக்குப் பெருமை. பைண்டு தொகுதிகளுக்குத் தலைப்புப் பக்கம் கிடையாது. பதிப்பகம் கிடையாது. ஒரே தொகுதியில் மூன்று தொடர்கதைகள் இருக்கும். முதலில் உள்ளதன் முதல் இரண்டு அத்தியாயங்கள் இருக்காது. பையன்கள் அவற்றைத் தள்ளி வைத்து, 'விவரம் இல்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு பார்க்கலாம் என்றோம்.

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மாடிப்படியின் அடியில் நீர் கசிந்தது. பீரோவின் பின்பலகையில் கரையான். குழு கூடி, பீரோவை அகற்றிச் சுவரைப் பூசுவது என்று முடிவெடுத்தது. உள்ளே இருப்பவற்றுள் எவை வாசகசாலையின் நூல்கள், எவை வெறும் பழைய தாள் என்று அறிய எங்களிடம் தளத்தின் முழுப் பட்டியலையும் அச்செடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தோம். அழகாகச் சுருள்கம்பி இட்டுக் கொடுத்தோம். எங்கள் உழைப்பு ஒரு காரியத்துக்குப் பயன்படுகிறதே என்ற மகிழ்ச்சி. சார் அப்போது கண்புரை அறுவைக்காக மதுரைக்குப் போயிருந்தார்.

பட்டியலில் இல்லாதவை சாக்கில் கட்டப்பட்டன.

ஒரு வாரம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பிய சார், படியின் அடியில் புதுச் சுண்ணாம்பைப் பார்த்தார். எதுவும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை ஓட்ட விடாமல், எங்களில் ஒருவர் வண்டியில் ஏற்றிப் பழைய பேப்பர் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் நல்ல மனிதர். பெரும்பாலானவை இன்னும் பிரிக்கப்படாமல் சாக்கிலேயே இருந்தன. வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுத்தார். மாலையில் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது 11 தொகுதிகள் குறைந்தன. அவை ஏற்கெனவே வேறு கட்டோடு லாரியில் போய்விட்டன.

அவற்றுள் இரண்டு 'தில்லானா மோகனாம்பாள்'. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் எழுதியது. கோபுலுவின் சித்திரங்களோடு வந்தது. நாவல் நூலாகக் கிடைக்கிறதே என்று குழுவில் ஒருவர் ஆறுதல் சொன்னார். கிடைக்கிறதுதான். வாரம் ஒரு சித்திரமாக ஒரு வீடு காத்திருந்து சேர்த்த அந்தப் பக்கங்களில், கதை முடிந்த இடத்தில் பாதியில் வெட்டுப்பட்ட நகைச்சுவைத் துணுக்கு இருக்கும். பற்பசை விளம்பரம் இருக்கும். பைண்டு செய்தவர் மனைவியின் கையெழுத்தில் பால் கணக்கு இருக்கும். மற்ற ஒன்பதில் இருந்த தொடர்களுள் சில நூலாகவே வரவில்லை என்கிறார் சார். அவற்றின் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். பதிவேட்டில் 'பைண்டு, நன்கொடை' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

படிவத்திலிருந்து சிவப்பு நட்சத்திரங்களை நீக்கிவிட்டோம். எண் ஒன்று மட்டும் இருந்தாலும் பதிவு ஏறும். மீண்டு வந்த தொகுதிகளைப் பிரித்து, முதுகையும் முதல் பக்கத்தையும் படமெடுத்து, உள்ளே இருப்பதைச் சார் வாயால் சொல்ல நாங்கள் தட்டச்சு செய்கிறோம். ஞாயிறு மாலைகளில் இப்போது இலக்கிய விவாதம் குறைந்துவிட்டது. தேடுபெட்டியில் விடை கிடைக்காவிட்டால், 'நினைவில் இருப்பதை எழுதுங்கள்' என்று இன்னொரு பெட்டி திறக்கும். அது சாரின் கைப்பேசிக்குப் போகும். பச்சை அட்டை என்று எழுதினாலும் போதும். விடை கிடைக்காத தேடல்களையெல்லாம், தேடியவர் யார் என்ற தடம் இல்லாமல், தனியாகச் சேமித்து வாரம் ஒருமுறை வாசிக்கிறோம்.

சென்ற மாதம் அந்தப் பட்டியலில் 'கலைமணி கோபுலு பைண்டிங்' என்று ஒரு வரி இருந்தது. அடுத்த வாரம் மீண்டும், 'மோகனாம்பாள் விகடன் பழைய பைண்டு' என்று. ஒரே ஆளா, இருவரா தெரியவில்லை. யாருடைய வீட்டிலிருந்து அந்தத் தொகுதிகள் வந்தன என்பதும் பதிவேட்டில் இல்லை.

போன 11 தொகுதிகளுக்கும் தளத்தில் பதிவு போடுவது என்று முடிவு செய்தோம். நூலின் நிலை என்ற கட்டத்தில் 'உள்ளது', 'வெளியே சென்றுள்ளது' என்ற இரண்டு தேர்வுகளே இருந்தன. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. 'தொலைந்தது' என்று போடலாம் என்றார் ஒருவர். 'கழிக்கப்பட்டது' என்பதே முறையான சொல் என்றார் மற்றொருவர். இரண்டு ஞாயிறுகள் பேசினோம். மூன்றாம் வாரம் சார் மாடிக்கு ஏறி வந்து, விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் நிதானமாகத் தேடித் தேடித் தட்டினார்: 'எடைக்குப் போடப்பட்டது.' நாங்கள் அதைச் சேமித்தோம்.